நியூபோர்ட் நியூஸின் குடவோலை

கேள்வி: வர்ஜீனியாவில் லவுடன் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறேன். சமீபத்தில்தான் குடியுரிமை கிடைத்தது. அதிபர் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல் எல்லாம் இரட்டைப்படை ஆண்டுகளில் வருகின்றன. ஆனால் இங்கே 2023, 2025, அடுத்து 2027 என்று ஒற்றைப்படை ஆண்டிலும் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் வைக்கிறார்கள். 2027-ல் ஆளுநர் பதவிகூடப் போட்டியில் இல்லையாம். இதற்குப் போகாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

பதில்:

கட்டாயம் போங்கள். நீங்கள் போடப்போகும் எல்லா ஓட்டுகளிலும் கனமானது இந்த ஓட்டுதான். ஏன் என்று கேட்டால் ஒரு கிண்ணத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

2018 ஜனவரி 4. மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் மாநிலத் தேர்தல் வாரியம் கூடியிருந்தது. நீலமும் வெள்ளையும் கலந்த ஒரு கிண்ணத்தை இதற்கென்றே வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். இரண்டு துண்டுக் காகிதத்தில் இரண்டு பெயர்கள். அந்தக் காலத்து கேமராவுக்கு பிலிம் சுருள் ஒரு குட்டி டப்பாவில் வருமே, அப்படிப்பட்ட டப்பாவில் ஆளுக்கொன்றாகப் போட்டு மூடினார்கள். கிண்ணத்தில் இட்டுக் கலக்கினார்கள். வெளியே வந்த டப்பாவில் இருந்த பெயரை வாரியத் தலைவர் ஜேம்ஸ் அல்கார்ன் எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்: டேவிட் யான்சி, குடியரசுக் கட்சி. அவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் அதே அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் படித்தவர்களுக்கு உடனே குடவோலை நினைவுக்கு வரும். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்ன முறை அது. பராந்தக சோழன் காலத்தில் அதுவே தேர்தலின் விதி. ரிச்மண்டில் அப்படியில்லை. 23,000 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டு, எண்ணி, மறுபடியும் எண்ணி, நீதிமன்றம் வரை போய், அதன்பிறகும் முடிவு வராமல்தான் கிண்ணத்துக்கு வந்தார்கள்.

நடந்தது இதுதான். 2017 நவம்பர் 7-ல் வர்ஜீனியாவின் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்தல். நம்மூர்க் கணக்கில் சட்டமன்றத்தின் கீழவை என்று வைத்துக்கொள்ளுங்கள், 100 இடங்கள். 94-ஆவது தொகுதி, கடற்படைக்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் கட்டும் நியூபோர்ட் நியூஸ் நகரில் இருந்தது. முதல் எண்ணிக்கையில் யான்சி 10 ஓட்டு முன்னால். டிசம்பர் 19-ல் மறு எண்ணிக்கை. சைமண்ட்ஸுக்கு 11,608, யான்சிக்கு 11,607. ஒரே ஓட்டில் சைமண்ட்ஸ் ஜெயித்துவிட்டார் என்று அன்றிரவு எல்லாத் தொலைக்காட்சியிலும் செய்தி. மறுநாள் காலை, மறு எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் சார்பில் அமர்ந்திருந்த ஓர் அலுவலர், செல்லாது என்று ஒதுக்கிய ஒரு சீட்டைப் பற்றி நீதிபதிகளுக்குக் கடிதம் எழுதினார்.

அந்தச் சீட்டில் இரண்டு பேரின் பெயருக்குப் பக்கத்திலிருந்த வட்டமும் நிரப்பப்பட்டிருந்தது. சைமண்ட்ஸின் வட்டத்தின்மேல் மட்டும் கூடுதலாக ஒரு கோடு. ஓட்டுப் போட்டவர் தவறாக நிரப்பிவிட்டு அடித்தாரா? இல்லை, வேறு எதையோ சொல்ல வந்தாரா? மூன்று நீதிபதிகள் சீட்டின் மற்ற பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். மற்ற பதவிகளுக்கு அவர் குடியரசுக் கட்சிக்குப் போட்டிருந்ததால், இதுவும் யான்சிக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். 11,608-க்கு 11,608. சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடு என்கிறது மாநிலச் சட்டம்.

அந்த ஓர் இடத்தில் தொங்கியது ஒரு மனிதரின் பதவி மட்டும் என்றால் நான் இவ்வளவு விரிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். அந்தத் தேர்தலுக்கு முன் அவையில் குடியரசுக் கட்சிக்கு 66 பேர், ஜனநாயகக் கட்சிக்கு 34 பேர். ஒரே இரவில் ஜனநாயகக் கட்சி 15 இடங்களைப் பிடித்து 49-க்கு வந்தது. சைமண்ட்ஸ் ஜெயித்திருந்தால் 50-50. அவைத் தலைவர், குழுக்கள் எல்லாவற்றையும் இரண்டு கட்சியும் பங்குபோட வேண்டியிருந்திருக்கும். கிண்ணம் அதை 51-49 ஆக்கியது. கூடவே 28-ஆவது தொகுதியில் இன்னொரு கொடுமை. ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் பக்கம் குறைந்தது 147 பேருக்கு வேறு தொகுதியின் சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். அங்கே வெற்றி வித்தியாசம் 73 ஓட்டு.

இதில் உங்கள் வீட்டைத் தொடும் விஷயம் எது என்றால், மருத்துவச் செலவு. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிக்கெய்ட். ஒபாமா காலத்துச் சட்டம் அதை விரிவாக்கியது. 2012-ல் உச்ச நீதிமன்றம், விரிவாக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம் என்றது. ஆக, வாஷிங்டனில் தீர்ந்த விவகாரம் மாநிலச் சட்டமன்றத்தின் வாசலில் வந்து நின்றது. ஆளுநராக இருந்த டெர்ரி மெக்காலிஃப் நான்கு ஆண்டும் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், அவை அசையவில்லை. 2017 நவம்பருக்குப் பிறகு அதே அவையில் காற்று மாறியது. தென்மேற்கு மலைப்பகுதியைச் சேர்ந்த டெர்ரி கில்கோர் போன்ற குடியரசுக் கட்சிக்காரர்களே ஆதரவாக வந்தார்கள். 2018 ஜூனில் ஆளுநர் ரால்ஃப் நார்தம் கையெழுத்திட்டார். 2019 ஜனவரி 1 முதல் சுமார் 4 லட்சம் பேர் காப்பீடு பெறத் தகுதியடைந்தார்கள். கடையில் அடுக்கி வைக்கும் வேலை, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, வாடகைக் கார் ஓட்டும் வேலை என்று இருப்பவர்கள்தான் அதில் அதிகம். அதிபர் தேர்தல் இல்லாத ஒரு நவம்பரில், பாதிப்பேர்கூட ஓட்டுப் போடாத ஒரு தேர்தல் செய்த வேலை இது.

சரி, எதற்காக ஒற்றைப்படை ஆண்டு?

அமெரிக்காவில் இப்படி வழக்கமாகவே ஒற்றைப்படை ஆண்டில் சட்டமன்றத் தேர்தல் நடத்துபவை நான்கே மாநிலங்கள்: வர்ஜீனியா, நியூ ஜெர்சி, லூசியானா, மிசிசிப்பி. கென்டக்கியும் ஐந்தாவதாக இருந்தது; 1979-ல் அரசியலமைப்பைத் திருத்தி இரட்டைப்படைக்கு மாறிக்கொண்டது. நியூ ஜெர்சி 1947-ல் புதிய அரசியலமைப்பு எழுதியபோது, தேசிய அரசியலின் இரைச்சல் மாநில விவகாரத்தை முழுங்கிவிடக் கூடாது என்று யோசித்துத்தான் ஒற்றைப்படை ஆண்டை வைத்துக்கொண்டது. வர்ஜீனியாவில் யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1869-ல் புது அரசியலமைப்புக்கு மக்கள் ஒப்புதல் கேட்டபோது, அதோடு சேர்த்து ஆளுநரையும் தேர்ந்தெடுத்தார்கள். நாலு நாலாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 2025-ல் வந்து நிற்பீர்கள். அந்தச் சங்கிலி ஒரு கண்ணிகூட அறவில்லை.

தற்செயலாக வந்த ஒன்றை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொண்டவர்கள் உண்டு. இந்தப் பகுதியைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வரும். 1902-ன் மாநில அரசியலமைப்பு ஓட்டுப் போடத் தலைவரி விதித்தது. வருடத்துக்கு ஒன்றரை டாலர். மூன்று வருடப் பாக்கியைச் சேர்த்துக் கட்டியிருந்தால்தான் ஓட்டு. கறுப்பினத்தவரையும் ஏழை வெள்ளையரையும் சாவடிப் பக்கம் வரவிடாமல் செய்யவே அது கொண்டுவரப்பட்டது. பிறகு ஹாரி பேர்ட் என்ற தலைவரின் அரசியல் இயந்திரம் பல பத்தாண்டுகள் இந்த மாநிலத்தைக் கையில் வைத்திருந்தது. அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒன்றுதான்: ஓட்டுப் போட வருகிறவர்கள் குறைவாக இருக்க வேண்டும். அதிபர் தேர்தலின் சத்தமில்லாத நவம்பரும் தலைவரியும் சேர்ந்து அதைப் பார்த்துக்கொண்டன.

1964-ல் அமெரிக்க அரசியலமைப்பின் 24-ஆவது திருத்தம் தலைவரியைத் தடை செய்தது. ஆனால் மத்தியத் தேர்தல்களுக்கு மட்டும். வர்ஜீனியாவில் அதிபருக்கு வரி கட்டாமல் ஓட்டுப் போடலாம். தன் ஊர்ப் பிரதிநிதிக்குப் போட வரி கட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியைச் சேர்ந்த ஆனி ஹார்ப்பர் வழக்குப் போட்டார். வீட்டுவேலை செய்து ஓய்வுபெற்ற கறுப்பினப் பெண்மணி அவர். 1966 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநிலத் தேர்தலுக்கான தலைவரியையும் ஒழித்தது. ‘அதிபர் தேர்தலுக்கு மட்டும் போனால் போதாதா’ என்று யாராவது கேட்டால் நான் ஆனி ஹார்ப்பரைத்தான் நினைத்துக்கொள்வேன். அவர் போராடிப் பெற்றது, நாம் போகாமல் விட நினைக்கும் இந்தச் சின்னத் தேர்தலில் போடும் உரிமையைத்தான்.

தேசியக் காற்று உள்ளே வராமல் இருக்கத்தான் தனி ஆண்டு என்றால், அந்தக் கதவு இன்று சரியாக மூடுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1977 முதல் பார்த்தால், வெள்ளை மாளிகையில் எந்தக் கட்சியோ அந்தக் கட்சி அடுத்த ஆண்டு வர்ஜீனியாவின் ஆளுநர் தேர்தலில் தோற்கிறது. 2013 ஒன்றுதான் விலக்கு. டிரம்ப் வந்த மறு ஆண்டு 2017-ல் நார்தம். பைடன் வந்த மறு ஆண்டு 2021-ல் குடியரசுக் கட்சியின் யங்கின். டிரம்ப் மறுபடி வந்த 2025-ல் ஜனநாயகக் கட்சியின் அபிகெயில் ஸ்பான்பெர்கர். அவையும் கூடவே ஆடுகிறது: 2019-ல் ஜனநாயகக் கட்சி 55, 2021-ல் 48, 2023-ல் 51, 2025-ல் 64. தன் ஊர்ப் பிரதிநிதியின் பெயர்கூடத் தெரியாமல், அதிபர் மேலுள்ள கோபத்தைச் சட்டமன்ற வேட்பாளர் மேல் காட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் வருத்தமுண்டு.

அப்படியும் உள்ளூர் விஷயம் ஜெயிக்கிற இடங்கள் இருக்கின்றன. 2017-லேயே மனாசஸ் பக்கத்தில் டானிக்கா ரோம் 28-ஆம் எண் சாலையின் நெரிசலைப் பற்றியே ஊர் ஊராகப் பேசினார். எதிரில் 26 ஆண்டு உறுப்பினராக இருந்த பாப் மார்ஷல். ரோம் ஒரு திருநங்கை என்பதைத்தான் உலகம் முழுக்க எழுதினார்கள். மாநிலச் சட்டமன்றம் ஒன்றுக்கு வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியேற்ற முதல் திருநங்கை என்ற வகையில் அது எழுத வேண்டிய செய்தியும்கூட. ஆனால் அந்தத் தொகுதி மக்கள் தினமும் அந்தச் சாலையில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். நியூ ஜெர்சியில் 2021-ல் இதைவிட ஆச்சரியம்: 2010 முதல் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டின் தலைவராக இருந்து மாநிலத்தையே ஆட்டிவைத்த ஸ்டீவ் ஸ்வீனியை, சொற்பச் செலவில் நின்ற எட்வர்ட் டர் என்ற லாரி ஓட்டுநர் தோற்கடித்தார்.

மிசிசிப்பி பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. அங்கே 2015-ல் ஒரு தொகுதியில் 4,589-க்கு 4,589. அங்கே கிண்ணமில்லை, உறிஞ்சு குழல். நீளமான பச்சைக் குழலை எடுத்த போ ஈட்டன் ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஜனவரியில் அவை கூடியதும், குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை சில ஓட்டுகளைச் செல்லாதென்று தள்ளி, அவரை இறக்கிவிட்டு எதிராளி மார்க் டல்லஸை உட்கார வைத்தது. அதனால் அந்தக் கட்சிக்கு ஐந்தில் மூன்று பங்கு பலம் கிடைத்தது. வரி மசோதாக்களுக்கு அந்தப் பலம்தான் வேண்டும். ஒருவர் கூடுதலாக வந்து ஓட்டுப் போட்டிருந்தால் குழலும் வேண்டாம், அவையின் தீர்ப்பும் வேண்டாம்.

இனி நம் கவுன்ட்டிக்கு வருகிறேன். நானும் லவுடன்தான். தேர்தல் நாளில் சாவடி அலுவலராக உட்காருகிறேன். காலை 5 மணிக்குப் போய்விட வேண்டும். 6 மணிக்குக் கதவு திறந்து மாலை 7 வரை. 2023-ல் எங்கள் சாவடி ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே சீட்டு எண்ணும் இயந்திரம். மதியத்துக்குமேல் நம்மூர் அம்மா ஒருவர் வந்தார். மகன் வண்டியில் கொண்டுவந்து விட்டிருந்தார். சீட்டை இயந்திரத்தில் வைத்தார், அது திருப்பித் தள்ளியது. ஒரே பதவிக்கு இரண்டு வட்டம் நிரப்பியிருப்பதாகத் திரையில் எழுத்து. என்னைத் தமிழ்க்காரன் என்று கண்டுகொண்டு, “தப்பா போட்டுட்டேன் தம்பி. பரவால்ல, அப்படியே போகட்டும்னு விட்டுடவா?” என்றார். “சீட்டைக் குப்புறப் பிடிங்கம்மா, நான் பாக்கக் கூடாது. வேற சீட்டு தருவாங்க, வாங்க” என்று மேசைக்குக் கூட்டிப்போனேன். பழையதைச் செல்லாதென்று குறித்து உறையில் போட்டு, புதியது கொடுத்தார்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து, ஒவ்வொரு வட்டமாக விளிம்பு தாண்டாமல் நிரப்பிக்கொண்டு வந்தார். இயந்திரம் இந்தமுறை வாங்கிக்கொண்டது. நியூபோர்ட் நியூஸ் சீட்டு எனக்கு நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? தவறு நேர்ந்தால் புதுச் சீட்டுக் கேட்கலாம் என்பதை நீங்களும் மறக்காதீர்கள். கோடு போட்டுத் திருத்தாதீர்கள்.

அந்த 2023-ல்தான் நம் பகுதியிலிருந்து கண்ணன் சீனிவாசன் பிரதிநிதிகள் அவைக்குப் போனார். அவருக்கு முன்னதாக, 2019 என்ற இன்னொரு ஒற்றைப்படை ஆண்டில் அவைக்குப் போன சுகாஸ் சுப்ரமணியம் இப்போது வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர். சுப்ரமணியம் விட்டுச்சென்ற மாநில செனட் இடத்துக்கு 2025 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்து சீனிவாசன் செனட்டரானார். ஒருவர் எங்கிருந்து ஏறத் தொடங்குகிறார் என்பதற்காகச் சொல்கிறேன், இவர்களுக்குத்தான் போடுங்கள் என்பதற்காக அல்ல.

ஆஷ்பர்ன் பக்கம் போனால் ஜன்னலில்லாத பெரிய பெரிய தரவு மையங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் கருவிகளுக்கு விற்பனை வரி விலக்கு கொடுப்பதும் நிறுத்துவதும் மாநிலச் சட்டமன்றம். மின்கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் சட்டமும் அங்கேதான். பள்ளிகளுக்கான மாநில நிதி, துப்பாக்கிச் சட்டம், கருக்கலைப்புச் சட்டம், மரண தண்டனை எல்லாமே அங்கே. மரண தண்டனையை 2021 மார்ச்சில் ஒழித்தார்கள். தென் மாநிலங்களில் வர்ஜீனியாதான் முதல். அது 2019-ல் தேர்ந்தெடுத்த அவை. இத்தனையையும் செய்கிறவர்கள், இரட்டைப்படை ஆண்டில் 60 நாளும் ஒற்றைப்படை ஆண்டில் அதைவிடக் குறைவாகவும் கூடிவிட்டு, வேறு வேலைக்குப் போகிறவர்கள். பிரதிநிதியின் ஆண்டுச் சம்பளம் நெடுங்காலமாக 17,640 டாலர்.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. வர்ஜீனியாவின் அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமானால், சட்டமன்றம் ஒருமுறை நிறைவேற்றினால் போதாது. நடுவில் பிரதிநிதிகள் அவைக்கு ஒரு தேர்தல் நடக்க வேண்டும். புதிதாக வந்த அவை அதையே மறுபடி நிறைவேற்ற வேண்டும். அதன்பிறகுதான் மக்கள் வாக்கெடுப்பு. உங்களுக்கு அலுப்பாகத் தெரிகிற இந்தத் தேர்தல் அந்தப் படிக்கட்டில் நடுப்படி.

இதையெல்லாம் இரட்டைப்படை ஆண்டுக்கு மாற்றிவிடலாமே என்ற வாதத்தை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். 2015-ல் இங்கே ஓட்டுப் போட்டவர்கள் பதிவுசெய்தவர்களில் சுமார் 29 சதவீதம். அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் சுமார் 72. வித்தியாசத்தைப் பாருங்கள். வராமல் போனவர்களில் இளைஞர்கள், வாடகை வீட்டுக்காரர்கள், இரண்டு வேலை பார்ப்பவர்கள் அதிகம். 2015-ல் பாதிக்கும் மேற்பட்ட தொகுதிகளில் மற்றப் பெரிய கட்சி ஆளே நிறுத்தவில்லை. அப்போது நானும் மாற்றத்தின் பக்கம்தான் இருந்தேன். என் மனம் மாறியது 2019-க்குப் பிறகு. அந்த ஆண்டும் ஆளுநர் போட்டி இல்லை. ஆனால் நல்ல போட்டி இருந்தது, சுமார் 42 சதவீதம் பேர் வந்தார்கள். அந்த அவை அடுத்த ஆண்டே, காரணம் சொல்லாமல் யார் வேண்டுமானாலும் 45 நாள் முன்னதாகவே ஓட்டுப் போடலாம் என்றது. தேர்தல் நாளை மாநில விடுமுறையாக்கியது. ஆள் நின்றால், வழி திறந்தால் மக்கள் வருகிறார்கள். அதிபர் தேர்தல் சீட்டின் அடிப்பகுதியில் மாநிலத்தைத் தள்ளிவிட்டால், மின்கட்டணத்தையும் 28-ஆம் எண் சாலையையும் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ஆகவே ஒற்றைப்படை ஆண்டு இப்படியே இருக்கட்டும் என்பது என் வாதம். என் மனைவி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வருடா வருடம் நவம்பரில் தேர்தல் என்றால் யாருக்குத்தான் சலிக்காது என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது.

2027 நவம்பர் 2, செவ்வாய்க்கிழமை. அன்று வர்ஜீனியாவில் பிரதிநிதிகள் அவையின் 100 இடங்களும் செனட்டின் 40 இடங்களும் மொத்தமாகத் தேர்தலுக்கு வருகின்றன. கூடவே கவுன்ட்டியை நிர்வகிக்கும் லவுடன் மேற்பார்வைக் குழு, ஷெரிஃப், அரசு வழக்கறிஞர். ஆளுநர் இல்லாததால் கூட்டம் இருக்காது. உள்ளே போய் வெளியே வர பத்து நிமிடம். செப்டம்பர் நடுவிலேயே முன்கூட்டி வாக்களிப்பு தொடங்கிவிடும். முகவரி மாறியிருந்தால் இப்போதே பதிவைச் சரிபாருங்கள். விட்டுப்போனாலும் அன்றைக்கே பதிவுசெய்து தற்காலிகச் சீட்டில் போட இடமுண்டு. சீட்டின் பின்பக்கத்திலும் பதவிகள் இருக்கும், திருப்பிப் பாருங்கள்.

சைமண்ட்ஸ் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 2019-ல் அதே யான்சியை எதிர்த்து மறுபடி நின்றார். இந்த முறை கிண்ணத்துக்கு வேலையே வரவில்லை. ஓட்டிலேயே ஜெயித்துவிட்டார்.